முன்கடைக்குப் போன குரல்

அந்தப் பட்டுக்கடையில் சேர்ந்த நாளிலிருந்து நதியாவுக்குப் பின்கட்டில்தான் வேலை. கலைந்து வருகிற புடவைகளை மடித்து அடுக்க வேண்டும். அவளுக்கோ முன்கடைப் பாயில் உட்கார்ந்து, "வாங்கம்மா, முகூர்த்தப் புடவையா?" என்று விரித்துக் காட்ட ஆசை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வசனம் வாசிப்பவள் அவள்தான். பேச்சில் அவளை மிஞ்சக் கடையில் ஆள் கிடையாது. கேட்டபோதெல்லாம் முதலாளி திருஞானசம்பந்தம், "பாக்கலாம்மா" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்யாண சீசனுக்கு முன்னால் கடைக்கு ஒரு ரோபோ வந்து இறங்கியது. இடுப்புயரம், காலுக்குச் சக்கரம், முகத்துக்குத் திரை, முன்னால் காபித் தட்டு. நம் ஜனங்களுக்குத் தகுந்தமாதிரி அதைப் பழக்கக் கம்பெனியிலிருந்து சுகாசினி என்ற பெண் வந்திருந்தாள். எல்லாரையும் பேசவைத்துக் கேட்டுவிட்டு, நதியாவின் குரலைத்தான் எடுத்துக்கொண்டாள். நதியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. குரல் முன்னால் போனால் ஆளும் பின்னாலேயே போகலாம் என்று நம்பினாள்.

வந்தவர்கள் ரோபோவிடம் விலையைக் கேட்கவில்லை. "நீ எந்த ஊரும்மா? எந்தத் தெரு?" என்றுதான் கேட்டார்கள். மிஷினாகவே இருந்தாலும் தெரு தெரியாமல் நமக்குப் பேச்சு ஓடாதே!

"இதுக்கு ஒரு பதில் வெக்கணும். உங்க ஊரையே சொல்லிடுங்க" என்றாள் சுகாசினி.

"மாகறல் காலனிங்க" என்று மைக்கில் சொன்னாள் நதியா. சொன்ன கையோடு முன்கடைப் பாயை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அத்தை கேட்டாள், ரோபோ சொன்னது. டம்ளருக்கு நீட்டிய கையை அத்தை இழுத்துக்கொண்டாள். யாருக்கும் காபி வேண்டாமாம். பிளாஸ்டிக்கில் செய்ததற்கே இந்த மரியாதை என்றால், ரத்தமும் சதையுமாக நிற்கிறவளுக்கு?

சாயங்காலம் முதலாளி பின்கட்டுக்கு வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வர ஜனம் அப்படி இருக்குது, நான் இன்னா பண்றது? நெசவுக்காரங்க இருக்கிற பிள்ளையார்பாளையம்னு மாத்திச் சொல்லிடு."

சுகாசினி தரையைப் பார்த்தபடி, "கஸ்டமருக்கு எது பழக்கமோ அதைத்தான் வெக்க முடியும்" என்றாள்.

வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. நதியா மைக்கில் பிள்ளையார்பாளையம் என்று சொன்னாள். முதல் தடவையே அச்சு அசலாக வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை.

அதன்பிறகு ரோபோவின் கொடி பறந்தது. "நம்ம பொண்ணு!" என்று காபி எடுத்தார்கள், பக்கத்தில் நின்று செல்ஃபியும் எடுத்தார்கள். கூட்டம் நெரிந்து ஆள் போதாமல், ஒருநாள் முதலாளி நதியாவையே முன்கடைக்குக் கூப்பிட்டார். தலையைக் கோதிக்கொண்டு ஓடினாள். நிலைப்படியில் நிறுத்தினார்.

"விரிச்சுக் காட்டு, மடிச்சு வை. வாய மட்டும் தொறக்காதம்மா. ரெண்டும் ஒரே குரலா இருந்தா எதனா கேப்பாங்க."

எத்தனை வருஷ ஆசை! பாயில் உட்கார்ந்து மாம்பழ நிறப் புடவை ஒன்றை விரித்தாள். எதிரே இருந்த அம்மாள், "இது கோர்வைப் புடவையாம்மா?" என்றாள். தனி நிறக் கரை உடலோடு கோத்துச் சேருகிற இடத்தைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தாள் நதியா.

"பாவம், பொண்ணுக்குப் பேச்சு வராது போலக்குது" என்று அந்த அம்மாள் மகளிடம் சொன்னாள். பிறகு ரோபோவின் தட்டிலிருந்து காபியை எடுத்து உறிஞ்சியபடி அதன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா, எந்தத் தெரு நீ?"

நதியாவின் குரல் கலகலவென்று பதில் சொன்னது. நதியா புடவையை மடித்தாள்.