லடாக்கில் மட்டும் தேத்தண்ணி ஊற்றியவன்

பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்தை விட்டுவிட்டு, மலைச் சனங்களோடு வாழ்ந்து பார்க்கப் போகிறேன் என்று லடாக்குக்குக் கிளம்பினேன். "மொன்றியலிலை இல்லாத குளிரே அங்க?" என்று மட்டும் அம்மா கேட்டார். பிறகு அவரே போய்க் கம்பளிக் காலுறைகள் வாங்கி வந்தார்.

நான் தங்கிய வீட்டில் ஒரு தாயும் அவருடைய மகளும் இருந்தார்கள். அங்கே பெரியவர்களின் கோப்பை குறைந்தால், அவர்கள் கேட்கும்வரை இளையவர்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது. எழுந்துபோய் உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரை மறுபடி நிரப்ப வேண்டும். சில நாட்களிலேயே தேநீர்க் கேத்தில் என் கைக்கு வந்துவிட்டது. அந்தத் தாய் ஒரு மிடறு குடித்தால் போதும், எழும்பிவிடுவேன். அப்படியொரு பவ்வியம். "உன் வீட்டிலும் இப்படித்தானா?" என்று அவர் மகள் மூலமாகக் கேட்டபோது, ஆமென்று தலையாட்டினேன். கொஞ்சமும் கூசவில்லை.

மொன்றியலில் எங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பி வந்தபின் நான் பெரிய ஞானி. அம்மா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் நாள் முழுக்க நின்றுவிட்டு, மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வீட்டுக்கு வருவார். அவர் சோறு போட்டுத் தர, நான் இருந்த இடத்தில் இருந்து சாப்பிட்டபடியே, லடாக்கில் பெரியவர்களை எப்படி மதிக்கிறார்கள் என்று வகுப்பெடுப்பேன்.

"நல்ல சனங்கள்" என்பார் அம்மா. "இன்னும் கொஞ்சம் சொதி விடட்டே?"

ஒரு ஞாயிறு காலை லடாக்கிலிருந்து அந்தத் தாயும் மகளும் வீடியோவில் அழைத்தார்கள். என் அம்மாவைப் பார்க்க வேண்டுமாம். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். அந்தத் தாய் பேசியதை மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் சொல்ல வேண்டியவன் நான்.

"உங்கள் மகன் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டான். வீட்டில் உங்களுக்கும் இவன்தானே ஊற்றித் தருவான்?"

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அந்தளவு ஆங்கிலம் அம்மாவுக்கு விளங்கும். உள்ளபடியே சொன்னேன். இனி அம்மா உண்மையைச் சொன்னால் அந்த மனுசிக்கு முன்னால் நான் பொய்யன்.

அம்மா என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஓம், தம்பிதான் எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தாறவர். நான் கேக்கவே தேவையில்லை."

அதையும் என் வாயாலேயே ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அந்தத் தாய்க்கு வலு சந்தோஷம். இப்போதே அம்மாவுக்கு ஊற்றிக் கொடு, எல்லோரும் சேர்ந்து குடிப்போம் என்றார்.

குசினிக்குப் போனேன். தேயிலை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்தேன். அம்மா திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மேசைக்குக் கீழே விரலை நீட்டி மூலைத் தட்டைக் காட்டினார். எனக்கு அவர் போடுகிற மாதிரியே பாலும் இரண்டு கரண்டி சீனியும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒரு மிடறு குடித்தார். முகம் மாறவில்லை. அந்தத் தாய் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசிவரை குடித்தார்.

"நல்லாயிருக்கு, தம்பி."

அழைப்பு முடிந்தது. அம்மா கோப்பையைத் தானே கழுவி வைத்தார். பிறகு லாச்சியைத் திறந்து, சீனி வருத்தத்துக்கு இரத்தம் பார்க்கிற கருவியை எடுத்து, விரலில் குத்திக்கொண்டார்.