தண்ணீர் குடிக்காமல் ஏறிய மலை

மூன்று வருடங்களுக்கு முந்தைய தை மாதம். கொடைக்கானலுக்கும் மேலே, ஜீப் மட்டுமே ஏறக்கூடிய ஒரு புல்வெளியில் எங்களுக்கு ஐந்து நாள் முகாம். துருவப் பகுதிக்கு ஆய்வு செய்யப் போக ஆசைப்படும் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான பயிற்சி அது. கூடாரம் அடிப்பது, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வரிசையாக நடப்பது, மூடுபனிக்குள் வழி தவறாமல் திரும்பி வருவது, மண் மாதிரிகளைத் தோண்டி எடுப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். முகாமை நடத்துபவர் கடைசியில் யாரைப் பரிந்துரைக்கிறாரோ அவர்களுக்குத்தான் அடுத்த பயணத்தில் அண்டார்டிகா போக வாய்ப்பு.

நான் பழனிக்காரி. அப்பா அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டுகிறார். அம்மா பஞ்சாமிர்தம் டப்பாவில் அடைக்கும் வேலைக்குப் போகிறார். எங்கள் தெருமுனையில் நின்றாலே கொடைக்கானல் மலை தெரியும். ஆனால் நான் மேலே போனது பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறைதான். பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி, துருவக் கடலில் மிதக்கும் பனியைப் பற்றியது. செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் சாம்பல் நிறப் புள்ளிகளைப் பார்த்து, இது புதிதாக உறைந்தது, இது பழையது என்று பிரிப்பேன். வருடக்கணக்கில் பனியைப் படித்தவள், நிஜப் பனியைத் தொட்டதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸ்தான்.

பயிற்சிக்கு வந்தவர்களில் பெண் நான் ஒருத்தி மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் நல்ல பையன்கள். சிலர் இமயமலையெல்லாம் ஏறி இறங்கியவர்கள். முகாமை நடத்தியவரும் ஒரு பெண்தான். என்னைவிட ஆறேழு வயது மூத்தவராக இருப்பார். இலங்கையிலிருந்து திரும்பி வந்து, தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்துப் பெண். ஒரு முழுக் குளிர்காலத்தை, சூரியனே எட்டிப் பார்க்காத அந்த மாதங்களையும் சேர்த்து, அண்டார்டிகாவில் கழித்தவர். நான் "மேடம்" என்றபோது, "அக்கான்னு கூப்பிடு புள்ள, போதும்" என்றார். கூப்பிட்டேனே தவிர, பயம் போகவில்லை. அவரைப் பார்த்தால் பசி, குளிர், களைப்பு எதுவுமே இல்லாதவர் போலத் தோன்றும்.

இனி சொல்லப்போவதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதித்தான் ஆகவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் புல்வெளியில் கழிப்பறை கிடையாது. நன்றாகக் கீழே இறங்கிப் போனால் ஒரு பழைய கட்டடம். அதில் ஒன்று இருந்தது. காலையில் பயிற்சி தொடங்கும் முன்பும், சாயங்காலம் முடிந்த பிறகும்தான் அங்கே போக முடியும். நடுவில் பையன்கள் ஒரு புதர் மறைவுக்குப் போய்விட்டு வந்துவிடுவார்கள். யாரும் எதுவும் நினைப்பதில்லை. நான் எங்கே போவது? எங்கு பார்த்தாலும் கணுக்கால் உயரப் புல். சோலைக்காட்டுக்குள் போனால் காட்டுமாடு நிற்கும்.

எனக்கு இது புதிதும் இல்லை. நான் படித்த பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இருந்ததில்லை. அதனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். கல்லூரியிலும் பஸ் பயணத்திலும் அதே பழக்கம் தொடர்ந்தது. முகாமிலும் அதைத்தான் செய்தேன். பாட்டிலை வாயருகே கொண்டுபோய், குடிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு மூடி வைத்துவிடுவேன்.

முதல் இரண்டு நாள் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் காலையிலிருந்தே தலை இடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அன்றைக்குக் கயிற்று நடை. பனிப்பாளங்களில் மறைந்திருக்கும் பிளவுகளைக் கடக்கும்போது எப்படி நடக்க வேண்டுமோ, அப்படி எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்து, சரிவின் ஓரமாக நடக்கவிட்டார்கள். அக்கா முன்னால். நான் நடுவில். எனக்குப் பின்னால் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து, எனக்கு முன்னால் போனவரின் முதுகைக்கூட மறைத்துவிட்டது.

வெள்ளையாக இருந்தது திடீரென்று கறுப்பானது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

மயங்கி விழுந்த நான் சரிவில் உருண்டிருக்கிறேன். கயிறு சட்டென்று இறுகியதும், கோயம்புத்தூர்ப் பையன் அப்படியே தரையில் படுத்து இரண்டு குதிகாலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டானாம். மற்றவர்களும் படுத்துவிட்டார்கள். இரண்டு நாளாக அவர்கள் பழகியது அதைத்தான். நான் கண் திறந்தபோது கன்னத்தில் ஈரப்புல். காலுக்குக் கீழே மண் இல்லை; அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மூடுபனி ஒரு நொடி விலகியது. கீழே, பச்சைக் கம்பளி விரித்தாற்போல் சோலைக்காட்டின் உச்சி. அந்தக் கயிறு இல்லையென்றால் நான் அதற்குள் போயிருப்பேன்.

அக்கா இன்னொரு கயிற்றில் இறங்கி வந்தார். என் முகத்தைத் திருப்பி, உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பத் தண்ணி குடிச்ச?"

"நேத்து… சாயங்காலம்."

"ஒண்ணுக்குப் போனது?"

நான் பதில் சொல்லவில்லை. மேலே ஆண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உயிர் ஊசலாடும் அந்த நேரத்திலும் எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அவர் என் கண்ணையே பார்த்தார். முகம் மாறியது. அதற்கு மேல் கேட்கவில்லை. மேலே தூக்கியதும் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை வாய் வாயாகப் புகட்டினார்.

ஜீப் ஓட்டியவர் பேத்துப்பாறைக்காரர். குண்டும் குழியுமான அந்த வழியில் எப்படித்தான் இறக்கினாரோ! "பாப்பா, கண்ண மூடாதீங்க. எங்கூடப் பேசிக்கிட்டே வாங்க. வெரசாப் போயிருவோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டவுனுக்குள் நுழைந்ததும் சுற்றுலா வண்டிகள் வழியடைத்து நின்றன. தலையை வெளியே நீட்டி, "ஏலே, வண்டிய ஒதுக்குலே! உசுரு போற சோலி கெடக்கு இங்க!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக மருந்துநீர் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. எல்லாம் முடிந்துபோயிற்று, 'தகுதியில்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். குதிரை வண்டிக்காரர் மகளுக்கு அண்டார்டிகா கேட்கிறதா என்று ஊரில் சிரித்தவர்கள் முகமெல்லாம் வரிசையாக வந்தது.

"அக்கா, என்னைய அனுப்பிச்சிருவீங்களா?"

"எதுக்கு?"

"நான்தான தப்புப் பண்ணேன்."

அவர் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார். பிறகு, "கேம்ப்புக்கு எடம் பார்த்தது நானு. கூடாரம், கயிறு, மருந்துப் பெட்டி, சாப்பாடு எல்லாம் பார்த்தேன். எனக்குப் பழகிப்போச்சு; ஒரு பொம்பளப் புள்ள வருதுன்னு தெரிஞ்சும் இத மட்டும் பார்க்கல. நீ விழுந்தது என் கணக்கு புள்ள, உன் கணக்கு இல்ல" என்றார்.

அவ்வளவு பெரியவர் என்னிடம் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போர்வையை முகத்துவரை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டாக்டர் அனுமதித்ததும் என்னை மறுபடி மேலே அழைத்துப் போனார். அங்கே நடந்ததைத்தான் நான் மறக்கவே முடியாது.

வழக்கம்போல் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்தார். தரையில் ஒரு தார்ப்பாய் விரித்து, துருவத்துக்குக் கொண்டுபோகும் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார். பனிக்கோடரியை எடுத்து, அதை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். கயிற்றுக் கொக்கிகளைக் காட்டினார். அடுத்து ஒரு அகல வாய்ப் பாட்டிலையும், புனல்போல் மெத்தென்றிருந்த ஒரு சின்னப் பொருளையும் கையில் தூக்கிப் பிடித்தார்.

"இது பொம்பளைங்க நின்னுக்கிட்டே ஒண்ணுக்குப் போறதுக்கு" என்றார், பனிக்கோடரியைப் பற்றிச் சொன்ன அதே குரலில். "இந்தப் பாட்டில் ஆம்பள, பொம்பள எல்லாருக்கும். அங்க நெனச்ச எடத்துல போயிட்டு வர முடியாது. நெறைய எடத்துல பாட்டில்ல பிடிச்சு, திரும்பக் கொண்டாந்துரணும்."

பின்னால் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். நான் தரைக்குள் புதைந்துவிடலாமா என்று நின்றேன். அக்கா கோபப்படவில்லை. அந்தப் புனலைக் கீழே இறக்கவும் இல்லை. தூக்கிய கையோடு பொறுமையாகக் காத்திருந்தார்.

"சிரிச்சு முடிச்சாச்சா? சரி. தண்ணி கொறஞ்சா குளிர்ல வெரலு மொதல்ல மரத்துப்போகும். அப்புறம் புத்தி கொழம்பும். கயித்துல ஒருத்தர் விழுந்தா அத்தன பேரையும் இழுத்துரும். நேத்துப் பார்த்தீங்கள்ல? ஒருத்தர் தண்ணி குடிச்சாங்களா, போனாங்களாங்கிறது அவங்க சொந்த விசயம் இல்ல. கயித்துல இருக்கிற எல்லாரோட விசயம்."

கோயம்புத்தூர்ப் பையன் கையைத் தூக்கி, அந்தப் பாட்டிலைக் குளிரில் உறையாமல் எப்படி வைப்பது என்று கேட்டான். நிஜமான சந்தேகம். அவர் நிஜமாகப் பதில் சொன்னார். இன்னொருவர் இன்னொரு கேள்வி கேட்டார். என் வாழ்க்கை முழுக்க நான் ஒளித்து வைத்திருந்த ஒரு விஷயம், அங்கே பட்டப்பகலில், கயிறு மாதிரி கோடரி மாதிரி, எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாக மாறிக்கொண்டிருந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

அன்று மதியத்துக்குள் உயரமான ஒரு சின்னக் கூடாரம் தனியாக எழும்பியது. நடையின்போதும் அடிக்கடி நிறுத்தினார். நிறுத்தும் ஒவ்வொரு முறையும், "நான் போயிட்டு வாரேன், எல்லாரும் தண்ணியக் குடிங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவரே முதலில் போனார். முதல் தடவை எனக்குக் கால் எழவில்லை. இரண்டாம் தடவை எழுந்து போனேன். திரும்பி வந்தபோது யாருமே என்னைக் கவனிக்கவில்லை. பையன்கள் வரைபடத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கவனிக்காமையைப் போன்ற மரியாதை எனக்கு அதுவரை எங்கும் கிடைத்ததில்லை.

கடைசி நாள் வெள்ளனே எழுப்பினார். "எந்திரி புள்ள. உன் சாமான் வந்து கெடக்கு."

எதைச் சொல்கிறார் என்று புரியாமல் கூடாரத்தைத் திறந்தேன். புல்வெளி முழுக்க வெள்ளை. முந்தின நாள் நான் நடந்த பச்சைச் சரிவெல்லாம், அரிசிமாவைச் சலித்துக் கொட்டினாற்போல் உறைபனி. ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் கண்ணாடிப் பற்கள். கால் வைத்தால் மொறுமொறுவென்று நொறுங்கியது. தரையில் குப்புறப் படுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஈர மண்ணுக்குள்ளிருந்து நூல்போல் மெல்லிய பனி ஊசிகள் நூற்றுக்கணக்கில் எழுந்து நின்றன. ஒவ்வொன்றும் தன் தலையில் ஒரு துளி மண்ணைச் சுமந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் இந்த மலையையே கொஞ்சம் மேலே தூக்கிப் பார்க்கிற மாதிரி. நான் திரையில் பார்த்த சாம்பல் புள்ளிகள் இவைதானா? விரலால் தொட்டேன். சுட்டது. நெருப்புபோலச் சுட்டது. அங்கேயே படுத்தபடி அழுதேன்; சிரித்தேன் என்றும் சொல்லலாம். வெயில் ஏறியதும் புல்வெளி முழுதும் ஒரே சமயத்தில் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து போனது.

ஜீப்பில் இறங்கும்போது ஒரு வளைவில் மட்டும் சிக்னல் கிடைத்தது. உறைபனியைப் போனில் எடுத்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அவருக்குப் பின்னால் யாத்ரீகர்கள் சத்தம்.

"இது எந்த ஊரு?"

"நம்ம மலைதான்ப்பா."

"இத்தன வருசமா அண்ணாந்து பார்த்துக்கிட்டுக் கெடக்கேன். மேல இப்படியா இருக்கு!" என்றார்.

அக்கா என்னைப் பரிந்துரைத்தார். அடுத்த பயணத்தில் நான் அண்டார்டிகா போனேன். ஊரே உள்ளே அடங்கிவிடும் அளவுக்கு ஒரு பனிமலை, நீலம் கசிய, எங்கள் கப்பலைத் தாண்டி மெதுவாகப் போனதைப் பார்த்தேன். அஸ்தமிக்காமல் வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும் சூரியனைப் பார்த்தேன். இடுப்புக் கயிற்றோடு வெள்ளை வெளியில் நடந்தேன். நன்றாகத் தண்ணீர் குடித்தேன்.

வரும் தை மாதம் முதன்முறையாக நானே ஒரு முகாம் நடத்தப்போகிறேன். போன வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். இப்போதுதான் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள். ஷூ, ஸ்வெட்டர் எல்லாம் விசாரித்துவிட்டு, எந்தத் தயக்கமும் இல்லாமல், "அக்கா, அங்க பாத்ரூமுக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?" என்றாள். கூடாரம், பாட்டில், புனல் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

நான் உயிரை விடத் துணிந்தும் கேட்கத் துணியாத கேள்வியை அந்தப் பெண் பஸ் நேரம் விசாரிப்பதுபோல் கேட்டுவிட்டுப் போனதை நினைக்கும்போதெல்லாம், பனிக்கண்டத்தில் முதல் அடி வைத்தபோது உடம்பில் ஓடிய அதே சிலிர்ப்பு இப்போதும் ஓடுகிறது.