இலாகா பிரிக்கும் எவரிஸ்தோ

எவரிஸ்தோ பென்சிலைக் கத்தியால் சீவி, நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, "பொதுப்பணி ரெண்டு எடை. தபால் ஒண்ணரை. இலாகா இல்லாத மந்திரி அரை. நாற்காலி உண்டு, சாவி கிடையாது" என்று முணுமுணுக்கிறார். ரோமில் எந்த அரசு கவிழ்ந்தாலும், மறுநாள் காலை கட்சி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இந்த முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

ஐந்து கட்சிக் கூட்டணி. கட்சிக்குள் கோஷ்டிகள், கோஷ்டிக்குள் வடக்கு, தெற்கு, சிசிலி. மாநாட்டில் எவனுக்கு எத்தனை ஓட்டு, அதற்கு எத்தனை மந்திரி, எத்தனை துணை மந்திரி, எல்லாம் கட்டம் போட்ட ஒரே தாளில் அடங்கிவிடும். கல்வி மந்திரிக்கு என்ன படிப்பு என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, "அதுக்கு என்கிட்ட கட்டம் இல்லியே தம்பி" என்றார். கிண்டலே இல்லை, மனுஷன் நிஜமாகவே தாளில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

முப்பத்தைந்து அரசுகளைப் பங்கு பிரித்தவர் எதிலும் இருந்ததில்லை. இந்த முறை பொதுச்செயலாளர் கொர்ராதீனியே தோளில் கை போட்டு, "கப்பல் இலாகாத் துணை மந்திரி நீதான்யா. உன் கையாலயே எழுதிக்கோ" என்றார். எழுதினார், கடைசிக் கட்டத்தில், மற்றப் பெயர்களைவிடச் சிறிய எழுத்தில். மனைவி எர்சீலியா பதவியேற்புக்குக் கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுத்தாள். "எரியுற வீட்ல புடுங்குற கூட்டம் அது. ஏமாந்துடாதீங்க" என்று சொல்லியும் வைத்தாள்.

இன்று தையற்காரரிடம் போட்டுப் பார்த்த கோட்டைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார். கொர்ராதீனி உள்ளே வந்தார்.

"சின்னக் கட்சிக்காரன் இன்னொரு துணை மந்திரி கேக்கறான். சாயங்காலத்துக்குள்ள குடுக்கலேன்னா கூட்டணியே கிடையாதாம். யாரை எடுக்கலாம்? நீயே சொல்லு."

எவரிஸ்தோவின் விரல் கட்டம் கட்டமாக இறங்கியது. "இவரை எடுத்தா சிசிலிக்காரங்க எழுந்து போயிடுவாங்க. இவரை எடுத்தா வெனிஸ் கோஷ்டி. இவர் உங்க சம்பந்தி."

விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது. எடை போடுகிறவன் எந்தக் கோஷ்டியிலும் இருக்கக்கூடாது என்று முப்பது வருடம் விரதம் காத்தவர். அவருக்காக எழுந்து போக ஒரு நாதி இல்லை. நமக்கு வயிறு எரிகிறது. அவருக்கோ எடை சரியாக வருகிறது.

"இவரை எடுத்தா..." என்றவர், "ஒண்ணும் ஆகாது" என்று முடித்தார்.

கொர்ராதீனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடுத்த அரசாங்கத்துல பாத்துக்கலாம்யா. எப்படியும் பத்து மாசம்தானே."

"வர்றவர் பேர் என்னங்க?"

"அவங்களே இன்னும் முடிவு பண்ணல. இடத்தை மட்டும் காலியா விடு."

எவரிஸ்தோ ரப்பரை எடுத்துத் தன் பெயரை அழித்தார். தூளை ஊதினார். கறுப்புக் கோட்டின் கையில் ஒட்டியதையும் தட்டிவிட்டார். பிறகு அளவுகோலை வைத்து, காலியான கட்டத்துக்குள் ஒரு பெயர் எழுதும் நீளத்துக்கு நேராக ஒரு கோடு போட்டார்.