பின்பால் மெஷினைச் சரிசெய்தது யார்?

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி அது. குற்றாலத்தில் சீசன் முடிந்து கடைகள் பாதி மூடிக் கிடந்தன. ஐந்தருவி போகும் ரோட்டில் ஒரு பழைய லாட்ஜை இடித்துக் கட்டப் போவதாகவும், அதிலுள்ள ஃபேன்களையும் பம்ப் மோட்டாரையும் கழற்றித் தர வேண்டும் என்றும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தென்காசியில் மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் ரிப்பேர் பார்க்கும் கடை. ஐ.டி.ஐ. படித்தவன். ‘அவர் தொட்டு ஓடாத மோட்டார் கிடையாது’ என்று நாலு பேர் சொல்லக் கேட்டுக் கேட்டு, எனக்கே அது உண்மை என்று தோன்றிப் போயிருந்தது.

கீழ்த்தளத்து ஹாலில் உடைந்த கேரம் போர்டுகளுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியபடி ஏதோ நின்றது. தூக்கிப் பார்த்தேன். நாலு கால், சரிவான கண்ணாடி மூடிய மேஜை, தலைமாட்டில் படம் வரைந்த பெட்டி. பின்பால் மெஷின்! ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடும். அது அங்கங்கே மோத மோத மணி அடிக்கும், விளக்கு எரியும், பாயிண்ட் ஏறும். கீழே விழுந்துவிடாமல் இரண்டு சின்ன மட்டைகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

“எங்கப்பா சீசனுக்கு வாற ஆளுக விளையாடுததுக்கு வாங்கிப் போட்டது. நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வாரான். வேணும்னா எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி” என்றார் லாட்ஜ்காரர்.

இந்த மெஷினுக்கு இப்போது மறுபடி மவுசு வந்திருப்பது எனக்குத் தெரியும். ஃபோனில் வீடியோ பார்த்திருந்தேன். புதிது வாங்கினால் கார் விலை ஆகும். அதனால் பலரும் ஓடாத பழையதைத் தேடிப் பிடித்து, வீட்டில் வைத்துத் தாங்களே சரிசெய்து விளையாடுகிறார்கள். சரிசெய்துவிட்டால் அதுவே சேகரிப்புப் பொருளாகவும் ஆகிவிடுகிறது. கொல்லம், கொச்சி, பெங்களூர் பக்கம் அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவே வைத்திருந்தார்கள். அதில் நானும் சேர்ந்திருந்தேன், வேடிக்கை பார்க்க மட்டும். இனிமேல் நானும் ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு, லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். ராயகிரிக்காரி. பத்தாவது வரை படித்தவள். முன் அறையில் தையல் மெஷின் போட்டு எங்கள் தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவள்.

“என்னத்தக் கொண்டு வந்திருக்கிய? சவப்பெட்டி மாதிரில்லா இருக்கு!”

“ஒரே மாசம் பொறுட்டி. பாட்டுப் பாட வைக்கேன் பாரு” என்றேன்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அங்கேயே நிறுத்தினோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பலகையைத் தூக்கி உள்ளே பார்த்தேன். நான் எதிர்பார்த்த சர்க்யூட் போர்டு ஒன்றுகூட இல்லை. மெஷின் அவ்வளவு பழசு. துணி சுற்றிய நூற்றுக்கணக்கான கலர் வயர்கள், மெல்லிய பித்தளைத் தகடுகள், அடியில் ஒரு மோட்டார். அதன் தண்டில் பல் வெட்டிய வட்டங்கள். இது வெளிநாட்டு வோல்டேஜில் ஓடுவது என்று தெரிந்ததால், அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் கரண்ட் கொடுத்தேன். அது வரைக்கும் சரி. அந்த அடி மோட்டார் ஓட ஆரம்பித்தது; நிற்கவே இல்லை. மட்டையைத் தட்டிப் பார்க்கலாம் என்று பட்டனை அழுத்திப் பிடித்தேன். புகை வந்தது. மட்டையை இயக்கும் செப்புக் கம்பிச் சுருளான காயில் கருகிவிட்டது.

காயில் சுற்றுவது எனக்குக் கைவந்த வேலை. கடையில் வைத்துச் சுற்றிப் போட்டேன். அந்த வாரமே மறுபடி கருகியது. மூன்றாவது தடவையும் சுற்றி மாட்டினேன். ஆனால் கரண்ட் கொடுக்கத் தைரியம் வரவில்லை. கடையில் கேட்பவர்களிடம் ‘பார்ட்ஸ் வரணும்’ என்று சொல்லிக்கொண்டு, மெஷினைத் தார்ப்பாயால் மூடினேன்.

தை மாதம் ஒரு நாள் கடையம் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டாரைப் பார்க்கப் போனவன், பேரிங் கழற்றும் கருவியை மறந்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குத் திரும்பினேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. டிங்... டிங்... டிங் டிங் டிங்! கோயில் மணி இல்லை, பள்ளிக்கூட மணியும் இல்லை. உள்ளே போனால் என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெஷின்மேல் குனிந்து இரண்டு கையாலும் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தாள். விளக்கெல்லாம் எரிந்தது. தலைமாட்டில் நம்பர் சக்கரங்கள் உருண்டு உருண்டு ஏறின.

என்னைப் பார்த்ததும் திருடிப் பிடிபட்டவள்போல நின்றுவிட்டாள்.

“இல்ல... சும்மாதான் தொறந்து பாத்தேன். எல்லாம் தையல் மெஷின் கணக்குத்தான இருக்கு?”

அப்புறம் விளக்கிச் சொன்னாள். தையல் மெஷினில் ஒரே தண்டுதான் சுற்றும். அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஊசி இறங்க வேண்டும், நூல் தளர வேண்டும், துணி நகர வேண்டும். ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துக்கு நடக்காவிட்டால் தையல் விடும். இந்த அடி மோட்டாரும் அப்படித்தான், ஒரு சுற்று முடிந்ததும் நிற்க வேண்டும். தண்டில் இருக்கும் வட்டத்தின் பல் ஒவ்வொரு தகடாகத் தூக்கிவிட வேண்டும். கரண்ட் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்றுவதுபோல் தண்டைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். ஒரு தகடு மட்டும் வளைந்துபோய், விலக வேண்டிய நேரத்தில் விலகவில்லை. அதனால்தான் மோட்டார் நிற்கவில்லை. மட்டைக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு தகடு. அது விலகாததால்தான் நான் சுற்றிய காயில் திரும்பத் திரும்பக் கருகியது.

அவள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் காட்டினாள். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று அதே கலர் நூலால் தைத்து வைத்திருந்தாள். சிவப்பும் வெள்ளையும் கலந்த வயருக்கு இரண்டு நூலையும் முறுக்கித் தைத்திருந்தாள். இற்றுப்போன ரப்பர் வளையங்களுக்குப் பதிலாக, தையல் மெஷினில் பாபின் நூல் சுற்றும் இடத்தில் போடும் ரப்பரை மாட்டியிருந்தாள். கறுத்த தகடுகளுக்கு நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கி விட்டு இழுத்துத் துடைத்திருந்தாள். நான் கடையில் இருந்த இரண்டரை மாதமும் மத்தியான நேரங்களில் இந்த வேலை நடந்திருக்கிறது.

அசந்துபோனேன். பாராட்டவும் செய்தேன். ஆனால் அன்று சாயங்காலம் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மெஷின் ஓடுவதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டு, ‘மூன்று மாத உழைப்பு. நானே சரிசெய்தேன்’ என்று எழுதினேன்.

பாராட்டு குவிந்தது. ‘சார், நீங்க கிரேட்’ என்று ஒருவர். கொல்லத்தில் இருந்த ஒரு பெரியவர், கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், நீளமாக எழுதியிருந்தார். இதே மெஷின் அவரிடமும் இருக்கிறதாம். மூன்று வருஷமாகச் சரிசெய்ய முடியவில்லையாம்.

நான் ஃபோனைப் பார்த்துச் சிரிப்பதைக் கவனித்த என் மனைவி, “என்ன சொல்லுதாவ?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்காம்” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். நான் திருத்தவில்லை. ஒரே வீடு, யார் பெயரில் இருந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன்பிறகு கடைக்கு வருகிறவர்களிடமும் அதே பெருமைதான். பத்து தடவை சொன்னதும் பொய் என்ற எண்ணமே போய்விட்டது.

ஆடி பிறந்தது. சாரல் அடித்தது, அருவியில் நல்ல தண்ணீர். கொல்லத்துப் பெரியவர் குளிக்க வருவதாகவும், அப்படியே மெஷினைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பெங்களூரில் இருந்து குழுவைச் சேர்ந்த இரண்டு பேரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். தலை ஈரம் காயாமல் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி அடுக்களையில் அவர்களுக்கு வடை போட்டுக்கொண்டிருந்தாள்.

பெங்களூர்க்காரர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றி விளையாடினார்கள். பெரியவர் விளையாடவில்லை. என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அடி மோட்டாரின் நேரத்தை எப்படிப் பிடித்தீர்கள்? எந்தத் தகடை முதலில் பார்த்தீர்கள்? நான் ‘அனுபவந்தான் சார்’, ‘ஒரு ஊகந்தான்’ என்று மழுப்பினேன். அவர் தலையாட்டினார். ஆனால் பார்வை மாறியது.

அந்த நேரம் பார்த்து மணி நின்றது. குண்டு மோதுகிறது, பாயிண்ட் ஏறவில்லை. அடியில் மோட்டார் கிர்ரென்று நிற்காமல் ஓடுகிறது.

“ஒண்ணுமில்ல, இப்பப் பாத்திரலாம்” என்று பலகையைத் தூக்கினேன். தூக்கிய பிறகு எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. மூன்று பேரும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘வோல்டேஜ் கம்மி சார், நாளைக்குப் பார்ப்போம்’ என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

தற்செயலாகத் திரும்பினேன். அடுக்களை வாசலில் அவள் வடை அரித்தெடுக்கும் கண்கரண்டியோடு நின்றிருந்தாள். சத்தத்தை வைத்தே அவளுக்குக் கோளாறு புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எடுத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டாள். வந்திருக்கிற ஆட்கள் முன்னால் நான் சிறுத்துப் போய்விடக் கூடாதாம்!

அந்த ஒரு அடி என்னை உலுக்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

“சார், குழுவில நான் போட்டது பொய். காயில் சுத்தினது மட்டுந்தான் நான். மெஷினைச் சரிசெஞ்சது முழுக்க என் வீட்டுக்காரிதான்” என்றேன். “ஏட்டி, இங்கன வா. எனக்குத் தெரியல. நீயே பாரு.”

அவள் அசையவில்லை. “நீங்களே பாருங்களேன்” என்று முணுமுணுத்தாள்.

“எனக்குத் தெரியாதுட்டி. நெசமாத்தான் சொல்லுதேன், வா.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். குனிந்து, தண்டை விரலால் மெல்லச் சுற்றினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, தலையில் இருந்து ஹேர்பின்னை எடுத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவிலிருந்து எதையோ உருவினாள். ஜாக்கெட் வெட்டும்போது பறந்த நூல் பிசிறு! பத்திரிகை அட்டையை விட்டு ஒரு துடைப்பு. பிளக்கை மாட்டினாள். டிங்!

பெங்களூர்க்காரர்கள் கை தட்டினார்கள். பெரியவர் மட்டும் அவள் கொண்டு வந்து காட்டிய துணியை விரித்து, நூல் ஓட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“மோளே, இது எங்ஙனெ மனசிலாயி?” என்றார், எப்படிப் புரிந்தது என்று கேட்டு.

“தையல் மெஷினைப் பிரிச்சு மாட்டினா யாருக்கும் தெரியும் சார்” என்றாள் அவள்.

“நான் முப்பது வருஷம் கப்பல் இன்ஜின் பார்த்தவனாக்கும். எனக்குத் தெரிஞ்சில்லையே!”

அன்று ராத்திரி குழுவில் உண்மையை எழுதினேன். சிலர் கேலி செய்தார்கள். செய்யட்டும். பெரியவர் அதற்குக் கீழே ஒரே வரி போட்டார்: ‘அவங்க எங்க வீட்டுக்கு வருவாங்களா?’

ஆவணியில் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயிலில் போனோம். மலைக் குகைகளுக்குள் ரயில் புகுந்து வெளிவரும்போதெல்லாம் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவளுடைய சாமான் பை என் மடியில் இருந்தது. பெரியவர் வீட்டு மெஷின் இரண்டு நாள் வேலை வாங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன், கேட்டதை எடுத்துக் கொடுத்தேன், ஒரு காயில் சுற்றினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் மணி அடித்ததும் பெரியவர் அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டிவிட்டார். அவர்களிடம், “இதாணு மெக்கானிக். இது மெக்கானிக்கிண்டெ பர்த்தாவு” என்று எங்களை அறிமுகப்படுத்தினார். நான் மெக்கானிக்கின் புருஷனாம்! எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

திரும்பி வரும் ரயிலில் கேட்டேன். “நான் எம்பேருல போட்டது உனக்கு எப்பத் தெரியும்?”

“பங்குனியிலேயே. கடைக்கு வந்த ஆளு சொன்னாவ.”

“பெறகு ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா ஒத்துக்கிடுவிய. நீங்களாச் சொல்லுதியளான்னு பாத்தேன்” என்றாள்.

ஆடி வரைக்கும் நாலு மாதம் காத்திருந்திருக்கிறாள். அவளுடைய சாமான் பையை மறுபடி என் மடிக்கு எடுத்துக்கொண்டேன்.

இப்போது பெங்களூர், கொச்சி என்று எங்கிருந்தாவது வாரத்துக்கு இரண்டு ஃபோன் வருகிறது. அவள் வீடியோவில் தண்டைச் சுற்றச் சொல்லி, இங்கிருந்தே கோளாறைக் கண்டுபிடிக்கிறாள். தைக்கும் வேலையில் அவள் ஃபோனை எடுக்காத நேரம் நான் எடுப்பேன். ‘நீங்க யாரு சார்?’ என்று கேட்பார்கள். ‘அவங்க வீட்டுக்காரர் பேசுதேன்’ என்பேன். முப்பது வருஷமாக என் பெயரைச் சொல்லி நான் வாங்கிய எந்தப் பாராட்டிலும், அந்த மூன்று வார்த்தையைச் சொல்லும்போது வருகிற பெருமை இருந்ததில்லை.