உப்பு வாளியைக் கீழே வைத்து எடுக்கவும்

உப்புக் கிடங்கில் வேலை செய்கிறவனுக்கு வெயில் அடித்தால் வேலை இல்லை, மழை பெய்தால் நிம்மதி இல்லை. வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றினால் கார்ப்பெற்றில் உப்பு வெள்ளையாகக் கொட்டி, மனைவியிடம் ஏச்சு வாங்குகிற அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும்.

எங்கள் கிடங்கு மெல்பேர்ணின் மேற்கு ஓரத்தில், ட்ருகனினாவில் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே மலைபோல உப்பு. குளிர்காலத்தில் பனிமலைச் சாலைகளில் ஐஸ் பிடிக்காமல் இருக்க இங்கிருந்துதான் லொறியில் போகும். அள்ளி ஏற்றுகிறவன் நான். இத்தனை வருடமாக ஏற்றியும் ஒருநாள்கூட நான் ஸ்னோவைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஆசை மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

என்ன வேலை?

நகரத்தின் மறுபக்கம் ரோவிலில் ஒரு பிறந்தநாள் விழா. பக்கத்துக் கதிரையில் இருந்த அன்ரி, மகன் ஐ.ரி. வேலை, மருமகன் டொக்டர் என்று சொல்லி முடித்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். சாலையில் ஐஸ் பிடிக்காமல் உப்புப் போடுகிற இடத்தில் வேலை என்றேன். அன்ரி ரோல்ஸைக் கடிக்காமல் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"தம்பி, மெல்பேர்ண் ரோட்டில எங்க ஐஸ் கிடக்கு? நீர் உண்மையா வேலைக்குத்தான் போறீரோ?"

முதுகின் பாதுகாப்பு

என்னோடு வேலை செய்கிற இசக்கி தூத்துக்குடிக்காரன். நான் யாழ்ப்பாணம். எதிலும் ஒத்துப்போக மாட்டோம், சாம்பாரில் தொடங்கி கிரிக்கெட் வரைக்கும். ஒன்றில் மட்டும் ஒற்றுமை: உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அதனால் நான் வாளியைக் கீழே வைப்பேன், அவன் குனிந்து எடுப்பான். நம்பிக்கை என்று சொல்ல முடியாது, பழக்கம்.

எங்கள் மேலாளர் டேவ் இதை நெடுநாளாகக் கவனித்திருக்கிறார். பாரம் கைமாறும்போது முதுகு பிடிக்காமல் இருக்க நாங்கள் கண்டுபிடித்த முறை என்று நினைத்துவிட்டார். எல்லோரும் வாளியைக் கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சுவரில் பலகையே மாட்டினார். அதோடு, இந்தக் குளிர்காலத்தில் ஒரு தடவை உப்பு லொறியில் மலைக்குப் போக எங்கள் இருவரையும் ஜோடியாகத் தேர்ந்தெடுத்தார். மலைக்குப் போகிற சந்தோஷத்தில் நான் உண்மைக் காரணத்தை அவருக்குச் சொல்லவில்லை.

"முதுகைக் காப்பாற்ற உங்கள் ஊரில் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றார் டேவ்.

அவசரம்

பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. விறைக்கிற காலைகளில் அதன் சாய்தளத்தில் ஒழுகுகிற தண்ணீர் உறைந்துவிடும்; நாங்கள்தான் உப்புத் தூவுவோம். ஒருநாள் நாங்கள் தொடங்கும் முன்பே வயதான டிரைவர் ஒருவர் லொறியிலிருந்து இறங்கக் காலை நீட்டிவிட்டார். கீழே கண்ணாடிபோல ஐஸ். இசக்கி வாளி கேட்டுக் கத்தினான். நான் ஓடிப்போய் அவன் கையிலேயே திணித்தேன். அவன் வீசிய உப்பின் மேல்தான் அவருடைய சப்பாத்துப் பட்டது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் வாளியைப் பார்த்தோம்.

"அண்ணாச்சி, கையில வாங்கிட்டனே."

சண்டை

அன்று பின்னேரமே வந்தது. கிடங்குக் கதவு திறந்து கிடந்து, சாரல் அடித்து, முன்பக்கத்து உப்பெல்லாம் கட்டிபட்டுவிட்டது. நீதான் மூடாமல் போனாய் என்றேன் நான். நீங்கதான் கடைசியா வந்தீங்க என்றான் அவன். அதிலிருந்து கிரிக்கெட்டுக்குப் போய், பிறகு யார் ஊர் உப்பு நல்ல உப்பு என்பதில் முற்றி, பேச்சே நின்றுவிட்டது. கட்டிகளை ஆளுக்கொரு மூலையில் நின்று உடைத்தோம். அவனோடு வாயடிக்காமல் ஒருநாளைத் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டேவ் வந்து இரண்டு மூலையையும் பார்த்தார்.

"பேசாத ஜோடியை நான் மலைக்கு அனுப்ப மாட்டேன்."

மலை

அதற்குப் பிறகு டேவின் முன்னால் மட்டும் புது மாப்பிள்ளையும் பெண்ணும்போலக் கொஞ்சிக் கதைத்தோம். அவர் நம்பி அனுப்பிவிட்டார். லொறி ஏறியதும் பழையபடி மௌனம். இசக்கி ஓட்டினான், நான் ஜன்னலைப் பார்த்தேன். மலை உச்சியை நெருங்கும்போது கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. ஸ்னோ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்லப் பக்கத்திலேயே ஆள் இருந்தும் வீம்பு விடவில்லை.

மேலே கார் நிறுத்துமிடம் முழுவதும் வெண்மை. ஒரு காலடிகூடப் படவில்லை. சனம் வருவதற்குள் உப்புப் போடச் சொன்னார்கள். நான் வாளியை நிரப்பிக்கொண்டு திரும்பினேன். இசக்கி என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணாச்சி, அந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் விட்டு வைங்க. நாம ரெண்டு பேரும் நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு அப்புறமாப் போடலாம்."

வாழ்நாளெல்லாம் பார்க்க ஆசைப்பட்டதைக் காட்டிவிட்டு, அதை நம் கையாலேயே கரைக்கவும் சம்பளம் கொடுக்கிற தொழில் இது ஒன்றுதான்.