நோய்க்காக விதைத்த வரிசை

பயிருக்கு நோய் வரக்கூடாது என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். நோய் வரவில்லையே என்று தலையில் கைவைத்து உட்காரும் ஒரே பிறவி என் மனைவிதான். முதல் தடவை நான் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது மூஞ்சியில் அடித்தாற்போல் வேண்டாம் என்றவள். பிறகு மனம் மாறியவள். இத்தனை வருஷம் அவளோடு குப்பை கொட்டிவிட்டேன். அதனால் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு.

அவள் பயிர் விஞ்ஞானி. கோதுமை இலையில் செம்பழுப்புத் தூளாகப் படரும் பூஞ்சை நோய்க்குத் துரு என்று பெயர். அதை எதிர்த்து நிற்கும் கோதுமையைக் கண்டுபிடிக்க வேண்டும், எந்த மரபணு அதைக் காப்பாற்றுகிறது என்று காட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அவள் தேர்ந்தெடுத்த ரகம் ஒவ்வொன்றும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். பூஞ்சை வேஷம் மாற்றிக்கொண்டு வந்து அதையும் கவிழ்த்துவிடும். சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பூஞ்சைக்குத்தான் அர்ச்சனை. எனக்கு விழ வேண்டியதில் பாதி அதற்குப் போனதால் எனக்கு அதன்மேல் பெரிய கோபம் இருந்ததில்லை.

ஒருநாள் நிறுவன இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். "இந்தப் பருவத்துல ஏதாவது காட்டுங்க மேடம். இல்லன்னா உங்க ஆய்வுக்கூடத்தை வேற குழுவுக்குக் கொடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்ல."

அவர்கள் வேலை செய்யும் முறை விசித்திரமானது. வயலின் நடுவில் சோதனை ரகங்கள். சுற்றிலும், சட்டென்று நோயில் விழும் சோப்ளாங்கி ரகம் ஒன்றை ஓரவரிசையாக விதைத்து, அதன்மேல் பூஞ்சைத் தூளைக் கரைத்து அடிப்பார்கள். ஓரம் நோயில் விழுந்து உள்ளே பரப்ப வேண்டும். அந்த வருஷம் சோப்ளாங்கி விதை பாதிதான் முளைத்தது. மேற்குப் பக்கத்துக்கு, கண்ணாடிக் கூடத்தில் நாற்றாக இருந்தபோதே இலை முழுக்கப் புள்ளி விழுந்ததால் அவள் ஒதுக்கிவிட்ட ஒரு ரகத்தை விதைத்தாள். நாற்றிலேயே விழுந்தது வயலில் மட்டும் நிற்கவா போகிறது என்பது அவள் கணக்கு.

கதிர் வரும் சமயத்தில் கிழக்கு ஓரம் பழுப்பாகக் கருகியது. மேற்கு ஓரம் பச்சைப்பசேல். அந்தப் பக்கம் நோயே பரவவில்லை; பாதிச் சோதனை வீண். அவள் பண்ணை மேஸ்திரி மேல் பாய்ந்தாள்.

"மேற்குப் பக்கம் அடிக்காம விட்டுட்டீங்களா?"

"ரெண்டு பக்கமும் ஒரே டேங்க்தான் மேடம். விடாம அடிச்சேன்."

"அப்போ எப்படிப் பச்சையா நிக்குது?"

மேஸ்திரி முகம் சுருங்கி, தோள் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "போச்சுங்க. எல்லாம் போச்சு." அவளை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் விடுமுறை. பூஞ்சைக் கரைசல் எங்கே விட்டுப்போனது என்று பார்த்தே தீருவேன் என்றாள். நான்தான் வண்டி ஓட்டினேன். மேற்கு ஓரத்தில் சேற்றில் மண்டியிட்டு, தண்டை விலக்கி, தரையை ஒட்டிய இலையைத் திருப்பினாள். அதில் காய்ந்துபோன பழைய புள்ளிகள். அடுத்த இலையில் கொஞ்சம். அதற்கு மேல் ஒன்றிரண்டு. உச்சி இலை சுத்தம். செடி செடியாக ஊர்ந்துகொண்டே போனாள்.

"வந்திருக்குங்க! வந்து நின்னிருக்கு!"

"எது?"

"நோய்தான்! சின்னதுல தடுக்கத் தெரியல இதுக்கு. வளர வளரத் தடுக்குது. நாத்தைப் பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுட்டேனே, நான் ஒரு மடச்சி!" சிரித்தாள், அழுதாள், சேற்றுக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் போன் மேஸ்திரிக்கு. "அண்ணே, நீங்க ஒழுங்காத்தான் அடிச்சிருக்கீங்க. யோசிக்காம கத்திட்டேன், மன்னிச்சுடுங்க. கீழ் இலையெல்லாம் நோய் வந்திருக்கு!"

"நோய் வந்ததுக்கு இவ்வளவு சந்தோஷமா மேடம்? சரி, உங்களுக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதான்."

இயக்குநர் வந்து தானே குனிந்து பார்த்தார். ஆய்வுக்கூடம் தப்பியது. பிறகு அந்தக் கோதுமையை மற்ற ரகங்களோடு கலந்து, பிறந்த பயிர்களின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டார்கள். பெரிய மரபணு ஒன்று தனியாகக் காவல் காக்கவில்லை. சின்னவை மூன்று கைகோத்து நின்றன. அவளுக்கு இன்னும் நரைத்தது. அந்தக் கலப்பில் பிறந்த விதை விவசாயிகள் கைக்குப் போனது.

போன பருவத்தில் துரு தலைவிரித்து ஆடியது. அந்த விதை போட்ட வயல் ஒன்றின் வரப்பில் இருவரும் நின்றோம். பக்கத்து வயல் கருகிக் கிடக்க, இது கதிர் முற்றி நின்றது. விவசாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இவளோ கையை உருவிக்கொண்டு குனிந்து கீழ் இலையைத் தேடி, "பாருங்க, புள்ளி!" என்று என்னிடம் காட்டினாள்.

"என்னையும் முதல்ல வேண்டாம்னுதானே தூக்கிப் போட்டே?" என்றேன்.

அவள் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்ககிட்டயும் கீழ எல்லாம் புள்ளிதான். மேல பரவல, அதான் வெச்சிருக்கேன்."