பெர்னடெட் செய்த சீடி

படகுக்குப் பெயரைத் தெரிவுசெய்பவர் அதன் சொந்தக்காரரான சம்மாட்டி, ஆசீர்வதிப்பவர் பங்குத்தந்தை. ஆனால் குருநகர்க் கரையில் அந்தப் பெயர் படகின் முன்முனையான அணியத்தில் பளிச்சென்று ஏறி நிற்பதென்றால் அது பெர்னடெட்டின் கையால்தான்.

பெர்னடெட்டுக்கு நாற்பத்தாறு வயது. கணவர் ஜெறோம் நண்டு வலைக்குப் போகிறவர். வீட்டின் முன்னறையில் ஸ்டிக்கர் வெட்டும் மெசின் ஒன்று, அதை ஆட்டிவைக்கிற பழைய கம்பியூட்டர் ஒன்று. இவை வருவதற்கு முன் ஏழு வருடம் நண்டுக் கொம்பனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு சதை பிரித்தவள் அவள். விரல்கள் விறைத்துப்போய், பின்னேரம் வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற முடியாமல் நின்ற நாட்கள் உண்டு. அந்த வேலையை விட்ட அன்று மாதாவுக்கு ஒரு பெரிய மெழுகுதிரி ஏற்றினாள்.

கம்பியூட்டர் பாரிசிலிருந்து வந்தது. அங்கே அக்கா லூர்த்தம்மா துப்புரவு வேலை செய்யும் அலுவலகத்தில் பழசென்று கழித்ததை, கப்பல் பெட்டியில் சோப்புகளுக்கும் குளிர்ச்சட்டைகளுக்கும் நடுவில் வைத்து அனுப்பியிருந்தாள். அதற்குத் தெரிந்த ஒரே மொழி பிரெஞ்சு. கீபோர்ட்டில் எழுத்துகள்கூட இடம் மாறிக் கிடந்தன. பெர்னடெட்டுக்குப் பிரெஞ்சில் 'வணக்கம்' சொல்லவும் வராது. திரையில் விரியும் பட்டியலில் மேலிருந்து நாலாவது வரி சேமிக்கும், அடியில் கிடப்பது மூடும் என்று இடம் பிடித்து வைத்துக்கொண்டு பதின்மூன்று வருடம் வேலை செய்துவிட்டாள். ஊரில் வேறு எவரும் அதில் கைவைக்க முடியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமை.

அந்தக் கம்பியூட்டர் ஒரு திங்கட்கிழமை பல்லி சொல்வது போல 'டிக், டிக்' என்று சொல்லத் தொடங்கியது.

கம்பியூட்டர் திருத்தல்கடைச் செபநாயகம் வந்து காதை வைத்துக் கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க் போகப்போகுது பிள்ளை. கன நாள் தாங்காது."

"வேறை ஒண்டு போடலாம்தானே அண்ணை?"

"போடலாம். என்னட்டையே பழசொண்டு கிடக்கு, தாறன். ஆனால் அதுக்குள்ளை ஏத்திறதுக்கு இந்தப் பழைய விண்டோஸ் வேணும். புதுசை ஏத்தினால் உன்ரை வெட்டுற மெசினை அது கண்டுகொள்ளாது. பேந்து மெசின் வெறும் இரும்பு."

"பழைய விண்டோஸின்ரை சீடி?"

"கொம்பனி சீடி தரேல்லை. உள்ளுக்கையே ஏத்தி வித்திருக்கிறாங்கள்." செபநாயகம் திரையில் I386 என்றொரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். "உந்தா, சாமான் முழுக்க இதுக்கை கிடக்கு. இதை எடுத்து, தானா எழும்புற சீடி ஒண்டு செய்யலாம் எண்டு சொல்லுவினம். நான் செய்ததில்லை. சும்மா பொய் சொல்லக்கூடாது."

பொய் சொல்லாத திருத்தல்காரர் கிடைப்பது அரிது என்பதால் பெர்னடெட் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் அக்கா வீடியோவில் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வழக்கம்போல, "அதைத் தூக்கி எறியடி, நான் புதுசு அனுப்புறன்" என்றாள். புதியது உதவாது என்று பெர்னடெட் விளங்கப்படுத்தினாள். சொல்லாமல் விட்டது வேறொன்று. கலியாணச் சேலை, பிள்ளைகளின் சப்பாத்து, கூரை ஓடு, கம்பியூட்டர் எல்லாமே அக்காவிடமிருந்து வந்தவை. வாங்கி வாங்கி அவளுக்கு வெட்கமாகிவிட்டது. இந்த ஒன்றையாவது தன் கையாலே செய்து முடிக்கவேண்டும் என்று நினைத்தாள். முடியாவிட்டால் திரும்பவும் ஐஸ் தண்ணீர்தான். அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

போனில் தேடிப் பிடித்த ஆங்கிலப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்து ஒரு கொப்பியில் எழுதினாள். அந்த ஃபோல்டரை எடுக்கவேண்டும். கூடவே குட்டிக் கோப்புகள் இரண்டு மூன்று. கம்பியூட்டரைத் தட்டி எழுப்புகிற சின்னக் கோப்பொன்றை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். பிறகு எல்லாவற்றையும் சீடியில் பதியவேண்டும், அதற்கு எரிப்பது என்று பெயர். இவ்வளவும் சுலபம். வெற்றுச் சீடிக்குத்தான் யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தாள். கடைக்காரர்கள் அவளை விடுப்புப் பார்த்தார்கள். கடைசியில், ஒரு காலத்தில் கலியாண வீடியோ எடுத்த கடையொன்றின் மேசை லாச்சிக்குள் இரண்டே இரண்டு கிடைத்தன.

எரிக்கிற மென்பொருளும் பிரெஞ்சுதான். ஒரு சொல்லில் தட்டுப்பட்டு, போனைத் திரைக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா, இது என்ன?"

"அமோர்சாப்ள்," என்று கம்பீரமாக வாசித்தாள் லூர்த்தம்மா.

"அப்பிடியெண்டால்?"

"ஆருக்குத் தெரியும்? இருபது வருசமா நான் பிரெஞ்சிலை வாளியும் தும்புக்கட்டையும்தான் கதைக்கிறன். பொறு, மகனைக் கேக்கிறன்." போய் வந்தாள். "தானா எழும்புறதாம். உனக்கு வேணுமெண்டது அதுதான், அமத்து."

முதல் சீடி எரிந்து வந்தது. போட்டாள். கறுப்புத் திரையில் ஒரேயொரு ஆங்கில வரி: தேடிய கோப்பைக் காணவில்லை. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

பெர்னடெட் சீடியைத் திறந்து பார்த்தாள். பார்த்ததும் தலையிலே அடித்துக்கொண்டாள். கொப்பியென்றால் முதல் பக்கத்தின் மேலே ஒரு சிலுவை, கம்பியூட்டரென்றால் '+' என்று ஒரு ஃபோல்டர், அதற்குப் பிறகுதான் வேலை. முதல் வகுப்பில் சிஸ்டர் பழக்கிய பழக்கம். இந்தத் தரமும் கை தன்பாட்டில் அந்த ஃபோல்டரைச் செய்து, விண்டோஸ் முழுவதையும் சிலுவைக்குள்ளே பத்திரமாக வைத்துவிட்டது. I386 வாசலிலேயே நிற்கவேண்டும், எதற்குள்ளும் போகக்கூடாது என்று கொப்பியில் அவளே எழுதியிருந்தாள், இரண்டு கோடு கீறி.

இருந்தது இன்னும் ஒரு சீடி. சிலுவையை அழிக்க மனம் வரவில்லை. அதற்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்தால் சீடி எழும்பாது. கடைசியில் I386ஐயும் குட்டிக் கோப்புகளையும் வெளியே இழுத்து விட்டு, பக்கத்தில் வெறும் '+' ஒன்றைக் காவலுக்கு வைத்தாள். யேசு நாதர் வெளியில் நின்றாலும் பார்த்துக்கொள்ளுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எரிந்துகொண்டிருந்தபோது 'டிக், டிக்' அடிக்கடி கேட்டது. அவள் சொல்லத் தொடங்கிய செபமாலை முடிய முன்னம் சீடித் தட்டு வெளியே வந்தது. மறுநாள் காலை கம்பியூட்டரைப் போட்டால், பழைய டிஸ்க் மூச்சே விடவில்லை. இனி எடுப்பதற்கு உள்ளே எதுவுமில்லை. கையில் இருந்த சீடி எழும்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த நேரம் பார்த்து அடைக்கலநாதன் சம்மாட்டியார் படலையில் நின்றார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து படகு மந்திரிக்கிறார். 'கடல் தாரகை' எண்ட பேர் வெட்டியாச்சோ?"

"நாளைக்கு வாங்கோ சம்மாட்டியார்," என்றாள்.

செபநாயகம் தந்த டிஸ்க்கை மாட்டி, சீடியைத் தள்ளினாள். திரை கறுப்பாகவே கிடந்தது. அவள் கண்ணை மூடினாள். திறந்தபோது திரை நீலமாகி, அடியில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா! எழும்பிட்டுது!" என்று போனில் கூவினாள்.

பாரிசில் லூர்த்தம்மா பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று கத்தினாளாம், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி தள்ளிப்போய் நின்றாளாம். அதன்பிறகு வந்த ஒவ்வொரு பக்கத்தையும் அக்காவே வீடியோவில் பார்த்து, தெரிந்தமட்டில் வாசித்தாள்.

"சம்மதமோ எண்டு கேக்குது."

"எதுக்குச் சம்மதம்?"

"மூண்டு நாலு பக்கம் கிடக்கடி, நான் என்னத்தை வாசிக்கிறது? சம்மதமெண்டு அமத்து."

கம்பியூட்டர்ப் பெட்டியில் ஒட்டியிருந்த விண்டோஸ் இலக்கத்தை அடித்தாள். ஏற்றுக்கொண்டது. பென்டிரைவில் முன்பே எடுத்துவைத்திருந்த வெட்டும் மென்பொருளை ஏற்றினாள். பின்னேரம் மூன்று மணிக்கு மெசின் ஒருமுறை உறுமி, நீல ஸ்டிக்கரில் 'க' என்ற எழுத்தின் வளைவை வெட்டத் தொடங்கியது. பெர்னடெட் கதிரையில் இருந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு 'கடல் தாரகை' முழுவதையும் வெட்டி முடித்தாள். அவ்வளவு சந்தோசம் கலியாணத்தன்றுகூட இருந்ததில்லை என்று ஜெறோமிடமே சொன்னாள். அவர் கோபிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்கா திரும்ப எடுத்தாள்.

"வேறை என்னடி வேணும்? அடுத்த மாதம் பெட்டி போடுறன்."

"ஒண்டும் வேண்டாம் அக்கா. எல்லாம் கிடக்கு."

தங்கச்சி வாயிலிருந்து அப்படியொரு பதிலை லூர்த்தம்மா கேட்டதேயில்லை.

"அப்ப நீ எனக்கொண்டு செய்து தருவியோ?" என்று மெல்லக் கேட்டாள். "கீழை எங்கடை தபால் பெட்டியிலை பேர் இல்லையடி. கடதாசியிலை எழுதி ஒட்டுறன், ஒவ்வொருதரமும் கழண்டு விழுது. இருபது வருசமா இப்பிடித்தான். வடிவா ஒண்டு வெட்டி அனுப்பிறியோ?"

"தமிழிலையோ பிரெஞ்சிலையோ?"

"ரெண்டிலையும் வெட்டு."

பெர்னடெட் எழும்பிப் போய்க் கம்பியூட்டரைப் போட்டாள்.